கொல்லங்கோட்டில் நாளை மழை பெய்யுமா?

கொல்லங்கோட்டில் எந்த வயல் வரப்பில் நின்று தெற்கே பார்த்தாலும் மலை தெரியும். நெல்லியாம்பதியின் வடக்குச் சரிவு அது. வயல்வெளி முடிந்த கையோடு பாறையாக எழும்பி, சில கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிடுகிறது. மழைக்காலத்தில் சீதார்குண்டு அருவி அந்தச் சுவரில்தான் இறங்குகிறது. வடக்கே திரும்பினால் அப்படி ஒரு சுவரே இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைவிடப் பெரிய இடைவெளி வேறு கிடையாது.

இங்கிருந்து நெல்லியாம்பதித் தோட்டங்கள் நேர்கோட்டில் பத்து கிலோமீட்டர் அளவுதான். கிழக்கே கொழிஞ்சாம்பாறை போக இருபது கிலோமீட்டர். மலைமேல் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. கொழிஞ்சாம்பாறையும் எருத்தேன்பதியும் மழை மறைவு நிலம். கரிசல் மண், ஆழ்குழாய்க் கிணறு, தென்னை என்று பொள்ளாச்சிப் பக்கத்தின் தொடர்ச்சியாகவே இருக்கும். நடுவில் கொல்லங்கோட்டு நெல்வயல்களும் முதலமடை மாந்தோப்புகளும். இத்தனைக்கும் வானிலை எச்சரிக்கையில் பெயர் ஒன்றுதான்: பாலக்காடு மாவட்டம்.

‘மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யலாம்’ என்று அறிவிப்பு வருகிறது. வானிலையாளர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் தகவலுக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் அந்த ஓரிரு இடம் எது என்பதுதான் இங்கே எல்லோருக்கும் வேண்டிய செய்தி. முதலமடையில் நவம்பர், டிசம்பரில் மா பூக்கிறது. நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் இவையும் உண்டு என்பதால் விலை கிடைக்கிறது. பூ விரிந்த வாரத்தில் ஒரு மழை பெய்தால் பூ உதிரும், மகரந்தம் கரையும், மூட்டம் நீடித்தால் பூஞ்சணம் வரும். மருந்து அடித்த ஒரு மணி நேரத்தில் மழை வந்தால் மருந்தும் கூலியும் தண்ணீரோடு போகும். நெல்லுக்காரருக்குக் கவலை கன்னி மாதத்தில். ஒன்றாம் விளை முற்றி நிற்கும்போது, அறுவடை இயந்திரத்தை நாளைக்கு வரச் சொல்வதா, மூன்று நாள் பொறுப்பதா? மலைமேல் இருப்பவர்களுக்கோ கேள்வி வேறு: இன்றிரவு இந்தச் சரிவுக்குக் கீழே தூங்கலாமா?

இந்தக் கேள்விகளுக்கு மலையாள மண்ணில் வழிவழியாக இருந்த விடை ஞாற்றுவேலை. சூரியன் 27 நட்சத்திரங்களைக் கடக்கும் கணக்கில் ஆண்டை 27 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று, பதினான்கு நாள் ஒதுக்கி, இதில் விதை, இதில் நடு, இதில் மிளகுக்கொடி வை என்று சொல்லும் முறை. திருவாதிரை ஞாற்றுவேலை ஜூன் கடைசியில் தொடங்கும். பல தலைமுறைகளின் சராசரி அது. அந்த வகையில் அருமையான அறிவு. ஆனால் சராசரி நமக்கு நாளையைச் சொல்லாது. நாளையைச் சொல்ல இன்றைய காற்று எங்கே, எப்படி இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

கணினி மாதிரிகள் செய்வது இதைத்தான். வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்றின் வேகம், வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் என்று எண்களைக் கொடுத்து, இயற்பியல் விதிகளின்படி அடுத்த சில வினாடிகளில் அந்த எண்கள் என்னவாகும் என்று கணக்கிடுகின்றன. பிறகு அடுத்த சில வினாடி. இப்படியே நாளை, மறுநாள் வரை. இதை முதலில் கையால் செய்து பார்த்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் படையில் வேலை செய்துகொண்டே, 1910 மே 20 அன்று ஐரோப்பாவின் ஒரு பகுதியில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட்டார். விடை 145 ஹெக்டோபாஸ்கல் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922இல் புத்தகமாகவே வெளியிட்டார். அவருடைய முறை சரி. தொடக்கத்தில் போட்ட எண்களில்தான் கோளாறு என்பது பின்னால் தெளிவானது. அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் அந்தத் தொடக்க எண்களைச் சீராக்கி அதே கணக்கைத் திரும்பப் போட்டபோது நம்பத்தக்க விடை வந்தது. நூறாண்டு கழிந்தும் கொல்லங்கோட்டின் பிரச்சினையில் பாதி இதுவேதான். மறுபாதி கட்டத்தின் அளவு.

கட்டத்தின் அளவை முதலில் பார்ப்போம். சமீபகாலம் வரை இந்திய வானிலை ஆய்வுத் துறை பெரிதும் நம்பியிருந்த உலகளாவிய மாதிரியின் கட்டம் 12 கிலோமீட்டர். கணவாயின் அகலத்தில் மூன்று கட்டம் வரும், போதாதா என்று தோன்றும். போதாது. ஒரு மாதிரி ஓர் அமைப்பை ஓரளவு உண்மையாகக் காட்ட அந்த அமைப்பு ஆறேழு கட்டமாவது அகலமாக இருக்க வேண்டும் என்பது அனுபவத்தில் கண்ட கணக்கு. அப்படியானால் 12 கிலோமீட்டர் மாதிரிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் மங்கல்தான். பாலக்காட்டுக் கணவாய் அதற்கு ஒரு பள்ளமாகத் தெரியுமே தவிர, வாசலாகத் தெரியாது. நெல்லியாம்பதிச் சுவரின் கதி இன்னும் மோசம். ஒரு கட்டத்தின் பாதி சமவெளியிலும் பாதி மலையிலும் விழுந்தால் மாதிரி இரண்டையும் சராசரியாக்கி, 500 மீட்டர் உயரத்தில் மெல்ல ஏறும் மேடாக எடுத்துக்கொள்கிறது. செங்குத்தாக ஏறினால்தான் ஈரக்காற்று ஒரே இடத்தில் குளிர்ந்து கொட்டும். மெல்ல ஏறினால் மழை பரவலாகத் தூறும். மாதிரி காட்டும் மழை மலையில் குறைந்து சமவெளியில் கூடுவது இதனால்தான்.

இந்தக் கணவாயில் காற்று சும்மா இருப்பதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வருவது இங்கே குவிந்து, வேகம் பிடித்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பாய்கிறது. அந்தப் பகுதியின் காற்றாலைகளுக்கு அதுவே மூலதனம். கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியமும் காற்றாலை வைத்திருக்கிறது. நவம்பர் பாதிக்குமேல் திசை புரண்டு, தமிழ்நாட்டிலிருந்து வறண்ட கிழக்குக் காற்று பிப்ரவரி வரை வீசும். மார்ச், ஏப்ரலில் வெயில் சுடும். 2016 ஏப்ரலில் பாலக்காட்டில் 41.9 டிகிரி பதிவானது. அந்த மாதங்களில் பிற்பகல் கடற்காற்று கணவாய் வழியே உள்ளே நுழைந்து, கிழக்கிலிருந்து வரும் காற்றோடு முட்டிக்கொள்ளும் இடத்தில் இடிமேகம் எழும். அந்த முட்டல் கோடு இன்று சிற்றூர் மேலே நிற்குமா, தமிழ்நாட்டு எல்லையிலுள்ள கோவிந்தாபுரத்தைத் தாண்டி ஆனைமலைப் பக்கம் போய்விடுமா என்பதைப் பொறுத்துத்தான் யாருக்குக் கோடை மழை என்று முடிவாகிறது. கோடு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஊர் மாறிவிடும். 12 கிலோமீட்டர் கட்டத்தில் இதையெல்லாம் எங்கே தேடுவது?

2025 மே 26 அன்று ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ என்ற புதிய உலகளாவிய மாதிரி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் உருவானது. வெப்பமண்டலப் பகுதியில் இதன் கட்டம் 6 கிலோமீட்டர். ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் புகழ்பெற்ற மாதிரியே 9 கிலோமீட்டர்தான். முன்பு சொன்ன ஆறேழு கட்டக் கணக்கை இங்கே போட்டால் நாற்பது கிலோமீட்டர் வருகிறது. பாலக்காட்டுக் கணவாயின் அகலமும் ஏறக்குறைய அதுவே. உலகம் முழுவதற்கும் ஓடும் ஓர் இந்திய மாதிரியில் இந்தக் கணவாய் இப்போதுதான் கண்ணில் படத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். இதைவிட நுணுக்கமாக, குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் ஓடும் மாதிரிகளும் உண்டு. நொய்டாவிலுள்ள தேசிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையத்தினுடையது 4 கிலோமீட்டர். வானிலைத் துறை பயன்படுத்தும் இன்னொன்று 3 கிலோமீட்டர்.

அப்படியே ஒரு கிலோமீட்டருக்கு இறக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். அதோடு, ஒரு கட்டத்தைக் காற்று தாண்டிப் போகும் முன் அடுத்த கணக்கைப் போட்டாக வேண்டும் என்பதால் காலத் துண்டும் பாதியாகும். மொத்தம் எட்டு மடங்கு வேலை. 12இலிருந்து 3க்கு வர 64 மடங்கு. நாளைய வானிலையை நாளை மறுநாள் சொல்லி என்ன பயன்? அதனால்தான் இந்தத் துறையில் கணினியின் வேகத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு. 2024 செப்டம்பரில் புனேயில் ‘அர்கா’, நொய்டாவில் ‘அருணிகா’ என்ற இரண்டு மீக்கணினிகள் வந்தன. அர்காவின் திறன் 11.77 பெட்டாஃப்ளாப். முந்தைய ‘பிரத்யுஷ்’ கணினியில் பத்து மணி நேரம் வரை பிடித்த ஓட்டம் இதில் நான்கு மணி நேரத்தில் முடிகிறது.

கட்டம் நான்கு கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும்போது இன்னொரு முக்கியமான மாற்றம் நடக்கிறது. இடிமேகம் ஒன்றின் குறுக்களவு சில கிலோமீட்டர். பெரிய கட்டத்துக்குள் அது முழுதாக ஒளிந்துகொள்வதால், மேகம் எழுவதை மாதிரியால் நேரே கணக்கிட முடியாது. ‘இவ்வளவு சூடும் ஈரமும் இருந்தால் இவ்வளவு மழை’ என்று ஒரு தோராய விதியை வைத்துச் சமாளிக்கும். அந்த விதிகளின் பழைய குறை, வெயில் ஏறியதுமே அவசரப்பட்டு நண்பகலில் மழையைக் கொட்டிவிடுவது. உண்மையான கோடை இடிமழை மாலை நான்கு, ஐந்து மணிக்கு வரும். நுண்கட்ட மாதிரியில் மேகம் தானே எழுகிறது, தானே வளர்கிறது, நேரமும் பெரும்பாலும் உண்மைக்கு நெருங்குகிறது. இது நமக்கு இப்போது கூடுதலாகத் தேவைப்படுகிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எஸ். அபிலாஷும் அவருடன் ஆய்வு செய்தோரும் 2022இல் வெளியிட்ட கட்டுரையில், இந்திய மேற்குக் கரையின் மழை படிப்படியாக இடிமேக மழையாக மாறிவருவதைக் காட்டினார்கள். தாழ்ந்த மேகங்கள் நாள் முழுக்கச் சீராகப் பெய்த இடத்தில், உயர்ந்த மேகங்கள் சில மணி நேரத்தில் கொட்டுகின்றன. 2019 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது கேரளத்தின் சில இடங்களில் இரண்டு மணி நேரத்துக்குள் 50 மில்லிமீட்டருக்குமேல் பெய்ததை இதே குழுவினர் சிறு மேகவெடிப்பு என்றே விவரித்தார்கள்.

இனி, ரிச்சர்ட்சனை வீழ்த்திய அந்தப் பாதி. மாதிரி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், ஓடத் தொடங்கும் கணத்தில் கொல்லங்கோட்டு மேலே காற்று எப்படி இருக்கிறது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். யார் சொல்கிறார்கள்? கேரளத்தில் வளிமண்டலத்தின் மேலடுக்கை அளக்கப் பலூன் விடும் நிலையங்கள் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. இரண்டும் கடற்கரை. கணவாயின் வாயில் புகும் காற்று எத்தனை மீட்டர் உயரம் வரை ஈரமாக இருக்கிறது என்பது அங்கே தெரியாது. கொச்சி ராடார் இங்கிருந்து 90 கிலோமீட்டர் தூரம். அதன் மிகத் தாழ்ந்த கற்றை அரை டிகிரி சாய்வில் புறப்பட்டால், பூமியின் வளைவும் சேர்ந்து, கொல்லங்கோட்டை அடையும்போது தரையிலிருந்து 1.2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். வழியில் பீச்சி மலைகள் வேறு. பருவமழைக் காலத்தில் இந்தச் சரிவில் தாழ்ந்த மேகங்களே நல்ல மழை தரும். அந்த மழையில் பெரும்பங்கு ராடார் கற்றைக்குக் கீழேயே உருவாகித் தரையில் விழுந்துவிடுகிறது. செயற்கைக்கோள் மேகத்தின் உச்சியைப் பார்க்கிறது. அடியில் நடப்பதை ஊகிக்கிறது.

ஆகவே கடைசியில் எல்லாம் தரையில் நிற்கும் கருவிகளிடம் வந்து சேர்கிறது. இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. மாதிரி தன் முந்தைய கணிப்பையும் புதிதாக வந்த அளவீட்டையும் ஒப்பிட்டு, இரண்டில் எது எவ்வளவு நம்பத்தக்கது என்று எடைபோட்டுத்தான் தொடக்க நிலையைத் தீர்மானிக்கும். நெல்லியாம்பதியில் 900 மீட்டர் உயரத்தில் ஒரு தானியங்கி நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 கிலோமீட்டர் மாதிரி அந்த இடத்தை 500 மீட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. 400 மீட்டர் வித்தியாசத்துக்கு வெப்பநிலை இரண்டரை டிகிரி குறையும். நிலையம் உண்மையைச் சொல்கிறது. மாதிரிக்கு அது கருவிக் கோளாறாகப் படுகிறது. அளவீட்டை ஒதுக்கிவிடுகிறது, அல்லது நம்பிக்கையைக் குறைத்துவிடுகிறது. மலையை மலையாகப் பார்க்கும் நுண்கட்டம் வந்த பிறகுதான் மலையில் இருக்கும் கருவிக்கு மதிப்பு வருகிறது. கருவியே இல்லாத இடத்திலோ நுண்கட்டம் காட்டும் கூர்மையான படத்தைச் சரிபார்க்க வழியே இல்லை. புது மீக்கணினி வந்தால் செய்தி வருகிறது, மழைமானி பழுதானால் யாருக்கும் தெரிவதில்லை என்ற நிலை எனக்கு உண்மையான வருத்தம் தருவது இந்தக் காரணத்தால்தான். இரண்டும் ஒரே கருவியின் இரு பாகங்கள்.

மழைமானி என்ற எளிய பொருளைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். சாதாரண மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும், ஓர் உள்ளங்கையை விட அவ்வளவாகப் பெரிதில்லை. 12 கிலோமீட்டர் சதுரக் கட்டம் ஒன்றின் பரப்பில் அது 720 கோடியில் ஒரு பங்கு. அந்த வாயில் விழுந்ததை வைத்து அத்தனை நிலத்துக்கும் பேசுகிறோம். கையால் அளக்கும் நிலையங்களில் காலை 8.30க்குக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதுவார்கள். வானிலைத் துறையின் தினசரி மழைப் பட்டியலில் கொல்லங்கோடு, பரம்பிக்குளம் என்ற பெயர்கள் இப்படி வருபவைதான். ஆனால் 60 மில்லிமீட்டர் என்ற ஒற்றை எண், நாள் முழுக்கத் தூறியதா, ஒரு மணி நேரத்தில் கொட்டியதா என்று சொல்லாது. முன்னது வயலுக்கு நல்லது. பின்னது சரிவை அறுக்கும்.

தானியங்கி மழைமானிக்குள் சீசாப் பலகை போல இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் கவிழ்ந்து மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் 0.2 அல்லது 0.5 மில்லிமீட்டர் என்று கணக்கு. நிமிடத்துக்கு நிமிடம் எழுதிவைக்கும் என்பது இதன் பலம். பலவீனங்களும் உண்டு. பெருமழையில் கிண்ணம் கவிழும் இடைவெளியில் நீர் தவறிப்போய், கருவி குறைத்துக் காட்டும். எந்த மழை நமக்கு மிக முக்கியமோ அந்த மழையில்தான் தவறும். புனல் வாயில் ஒரு மாவிலை கிடந்தால் போதும், மழை பெய்யும், எண் சுழியமாக இருக்கும். சிலந்தி வலை கட்டும்; எறும்பு புற்று வைக்கும்; காக்கை எச்சமிடும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். வைத்த வருடத்தில் தள்ளியிருந்த தென்னங்கன்று பத்து வருடத்தில் மரமாகிவிடும். மாதம் ஒருமுறை ஒருவர் போய்த் துடைத்து, அளந்த நீரை ஊற்றிச் சரிபார்க்காத மழைமானி இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல். தப்பான எண், எண்ணே இல்லாததைவிட அதிகமாக ஏமாற்றும்.

அளவீடு உயிர் காக்குமா? வயநாட்டைப் பாருங்கள். கல்பெற்றாவிலுள்ள ஹ்யூம் சூழலியல் மையம் மாவட்டம் முழுக்க 200க்கும் மேற்பட்ட இடங்களில் உள்ளூர்க்காரர்களைக் கொண்டே மழை அளந்துவருகிறது. 2024 ஜூலை 29 அன்று வயநாட்டுக்கு இருந்தது ஆரஞ்சு எச்சரிக்கை. அதாவது 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டர் வரை. புத்துமலை மழைமானியில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் சேர்ந்தது. அந்த எண்ணை வைத்து நிலச்சரிவு அபாயத்தை மையம் முன்கூட்டியே நிர்வாகத்துக்குத் தெரிவித்தது. அன்று நள்ளிரவு தாண்டி முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. ஏறத்தாழ 300 உயிர்கள் போயின. எச்சரிக்கையைச் செயலாக்கும் சங்கிலி அறுந்த இடம் எது என்ற விவாதம் நாடாளுமன்றம் வரை போனது. அறிவியல் சார்ந்து நான் கவனிப்பது ஒன்றுதான்: மாவட்ட அளவிலான கணிப்பு தவறவிட்டதை ஒரு மலைக் கிராமத்தின் மழைமானி பிடித்தது.

இடுக்கியில் நடந்தது தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான துயரம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மேல் மலை சரிந்தது. எழுபது பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்கள். மின்சாரமும் கைபேசித் தொடர்பும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. தேயிலைத் தோட்டங்களில் மழை அளப்பது நெடுங்கால வழக்கம். இந்த மலைகளின் நீண்ட மழைக் குறிப்புகள் பல தோட்ட அலுவலகங்களில்தான் கிடக்கின்றன. அந்த எண் குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டால் லயத்தில் தூங்குபவருக்கு உதவாது. தொடர்பு அறுந்தாலும் வேலை செய்யும் வழியில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கணக்கிடும் இடத்துக்கும் அந்தத் தொழிலாளிக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

கொல்லங்கோட்டுப் பக்கமும் இதற்கு விலக்கல்ல. 2018 ஆகஸ்ட் 16 அன்று பக்கத்து ஊரான நெம்மாறைக்கு அருகே அளுவாசேரியில் நிலச்சரிவு வீடுகளை அடித்துக்கொண்டு போனது. நெல்லியாம்பதிச் சாலை உடைந்து மலையூர்கள் தனித்துப்போயின. அந்த மாதத்தின் முதல் 19 நாட்களில் கேரளம் முழுவதற்கும் சராசரியாகப் பெய்தது 758.6 மில்லிமீட்டர், வழக்கமாகப் பெய்வது 287.6. இந்த இரண்டு எண்களும் எங்கும் கிடைக்கின்றன. அளுவாசேரி மலையுச்சியில் சரிவுக்கு முன் மணிக்கு மணி எவ்வளவு பெய்தது என்ற எண்ணே வேண்டியிருந்தது.

2018க்குப் பிறகு கேரளத்தில் 100 தானியங்கி நிலையங்கள் அமைக்க வானிலைத் துறை முன்வந்தது. 2023இல் மத்திய வேளாண் அமைச்சகம், வட்டாரத்துக்கு ஒரு வானிலை நிலையம், பஞ்சாயத்துக்கு ஒரு மழைமானி என்ற திட்டத்தைத் தொடங்கியது, கேரளமும் சேர்ந்திருக்கிறது. 2024 அக்டோபர் 24 முதல் பஞ்சாயத்து அளவிலான முன்னறிவிப்பும் வருகிறது. கர்நாடகம் ஏற்கெனவே சுமார் 6500 மழைமானிகளைப் பஞ்சாயத்துதோறும் வைத்திருக்கிறது. எல்லாம் நல்லது. ஆனால் முதலமடைக்கு வந்து பாருங்கள். பரப்பில் கேரளத்தின் பெரிய பஞ்சாயத்துகளில் ஒன்று. வறண்ட மாந்தோப்புச் சமவெளியும் அதற்குள்தான். மலைக்கு அந்தப்புறம் மழைக்காட்டுக்கு நடுவே இருக்கும் பரம்பிக்குளமும் அதற்குள்தான். பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியே போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேத்துமடை வழியாகத்தான் போக முடியும். இந்தப் பஞ்சாயத்துக்கு ஒரே ஒரு மழைமானி என்றால் அதை எங்கே வைப்பது? நிர்வாக எல்லையைப் பார்க்காமல் சரிவையும் உயரத்தையும் பார்த்து வைக்க வேண்டும். கொல்லங்கோட்டுச் சந்தை, மலையடிவாரம், நெல்லியாம்பதி உச்சி, கோவிந்தாபுரம், பரம்பிக்குளம் என்று காற்று ஏறி இறங்கும் பாதையில் ஐந்து கருவிகள் நின்றால், ஐந்து பஞ்சாயத்து அலுவலகக் கூரைகளில் நிற்பதைவிடப் பல மடங்கு பயன்.

எல்லை என்றதும் இன்னொன்று. பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் இருக்கிறது, இயக்குவது தமிழ்நாடு. பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்படிக்கையின்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சிற்றூர்ப் பகுதிக்கு வர வேண்டும். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து, விநாடிக்கு ஏறத்தாழ 20,000 கனஅடி நீர் சாலக்குடி ஆற்றுக்குப் பாய்ந்தது. அன்று பெருமழை இல்லாததால் தப்பினோம். ஆனைமலையில் பெய்யும் மழையை இரண்டு மாநிலங்களின் துறைகளும் அளக்கின்றன, மின்வாரியம் அளக்கிறது, தோட்டங்கள் அளக்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டின் வட்டாரங்கள்தோறும் தானியங்கி நிலையங்களை வைத்து 3 கிலோமீட்டர் மாதிரியையும் ஓட்டுகிறது. இத்தனை எண்களும் அந்தந்த நிமிடத்திலேயே ஒரே மாதிரிக்குள் போனால், புதுக் கருவி ஒன்றுகூட வாங்காமலேயே இந்தப் பகுதியின் முன்னறிவிப்பு தேறும். இரு மாநிலப் பொறியாளர்களும் நீர்ப்பங்கீட்டுக்கு உட்கார்ந்து பேசுவது போல மழைக்கணக்குக்கும் பேசலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூகுளின் கிராஃப்காஸ்ட் போன்ற மாதிரிகள் சாதனைதான். 2025இல் பருவமழைத் தொடக்கம் பற்றி இந்தியாவில் 3.8 கோடி விவசாயிகளுக்கு அனுப்பப்பட்ட முன்னறிவிப்பு இத்தகைய மாதிரிகளைக் கொண்டு தயாரானது. ஆனால் கிராஃப்காஸ்ட் பாடம் கற்றது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கட்டத்தில் அமைந்த பழைய தரவுகளிலிருந்து. பாலக்காட்டுக் கணவாய் அதில் ஒரே ஒரு புள்ளி. அந்த மாதிரிக்குக் கொல்லங்கோட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால், கொல்லங்கோட்டில் பல ஆண்டுகள் அளந்த எண்கள் வேண்டும்.

கட்டம் நுணுக்கமாகும்போது முன்னறிவிப்பைக் கேட்கும் விதமும் மாறியாக வேண்டும். 3 கிலோமீட்டர் மாதிரி நெம்மாறைக்கு மேலே 80 மில்லிமீட்டர் என்கிறது. மழை அதே நேரத்தில், அதே அளவில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கொல்லங்கோட்டில் பெய்கிறது. கணக்குப்படி இது இரட்டைத் தவறு: சொன்ன இடத்தில் பெய்யவில்லை, பெய்த இடத்தைச் சொல்லவில்லை. எங்கும் லேசாகத் தூறும் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்ன பழைய மாதிரிக்கு மதிப்பெண் அதிகம் கிடைத்துவிடும். உண்மையில் பயனுள்ளது முன்னதுதான். அதனால் தொடக்க எண்களைச் சிறிது சிறிது மாற்றி மாதிரியை இருபது, முப்பது முறை ஓட்டி, ‘முதலமடைச் சுற்றுவட்டத்தில் 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ய பத்தில் நான்கு வாய்ப்பு’ என்று சொல்வதே நேர்மை. இதைப் புரிந்துகொள்ள மக்களுக்கு முடியாது என்று அதிகாரிகள் நினைப்பது தவறு. பூ பிடிக்குமா, விலை நிற்குமா என்று ஒவ்வோர் ஆண்டும் கடன் வாங்கிப் பந்தயம் கட்டும் தோப்புக்காரருக்கு வாய்ப்புக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்துச் செலவு இவ்வளவு, பூ போனால் நட்டம் இவ்வளவு, பத்தில் நான்கு என்றால் இன்று அடிப்பதா, நாளைக்குத் தள்ளுவதா என்பதை அவர் நொடியில் முடிவு செய்வார்.

அவருக்குக் கிடைக்காமல் இருப்பது முன்னறிவிப்பின் வரலாறு, அதாவது சொன்னது எத்தனை முறை பலித்தது என்ற கணக்கு. அதற்கு முதலில் ஊரிலேயே மழையை அளந்தாக வேண்டும். கேரளத்தின் மீனச்சில் ஆற்றங்கரையில் பள்ளி மாணவர்களும் ஊர்மக்களும் சேர்ந்து மழை அளந்து தினமும் பகிர்ந்துகொள்கிறார்கள். கொல்லங்கோட்டுப் பள்ளிகளிலும் அதைத் தொடங்கலாம், செலவு பெரிதில்லை. ஆண்டு முடிவில் ஒரு பட்டியல் போட வேண்டும்: மஞ்சள் என்று சொன்ன நாட்கள், ஆரஞ்சு என்று சொன்ன நாட்கள், அன்றைக்கு அடிவாரத்தில் எவ்வளவு, மலைமேல் எவ்வளவு, கோவிந்தாபுரத்தில் எவ்வளவு பெய்தது என்று. அதன் ஒரு படி வானிலைத் துறைக்கும், ஒரு படி பட்டாம்பி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கும் போக வேண்டும். ஒரு படி பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மாதிரியைச் செய்பவர்கள் அதைப் பார்த்து எங்கே திருத்துவது என்று தெரிந்துகொள்வார்கள். அடுத்த டிசம்பரில் எந்த எச்சரிக்கைக்கு மருந்தடிப்பை நிறுத்துவது, எதற்கு நிறுத்த வேண்டியதில்லை என்று முதலமடைக்காரர் அதைப் பார்த்தே முடிவெடுப்பார்.